மன்னர் மகனின் இடக் கண்

நாற்பது வயது வரை ரோனட்டுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. பட்டியில் புகுந்த ஓநாயைப் பால் வாளியாலேயே அடித்து விரட்டியவள். ஊர் வழக்கப்படி பெரிய வீட்டுப் பிள்ளைகளை ஏழு வயதில் வாங்கி, ஆளாக்கித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மூன்று பேரை உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் அனுப்பியிருந்தாள். நான்காவதாகத் தாரா கோட்டையிலிருந்து மன்னர் கோர்மாக்கின் இளைய மகன் டாய்ரே வந்து சேர்ந்தான். பிடித்தது சனி.

கஞ்சி ஒரே பானையில்தான். ஆனால் மன்னர் மகன் கிண்ணத்தில் தேன் ஊற்ற வேண்டும், அவள் மகன் கொல்லாவுக்கு உப்பு வெண்ணெய் போதும் என்பது சட்டம். இவள் முதுகைத் திருப்பியதும் இரண்டு வாண்டுகளும் கிண்ணத்தை மாற்றிக்கொள்ளும். அவ்வளவு ஒட்டுதல்.

அறுவடை முடிந்த வயலில் இருவரும் மட்டையும் பந்துமாக ஆடினார்கள். கொல்லா ஓங்கிய மட்டை டாய்ரேயின் இடக் கண்ணில் விழுந்தது. வீக்கம் வடிந்தபோது கருவிழி மோர் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது.

உடம்பில் ஊனமுள்ளவன் தாராவில் அரியணை ஏற முடியாது. அந்த ஊனத்தை உண்டாக்கியவனை என்ன செய்வார்கள்? அதை யாரிடமும் கேட்க ரோனட்டுக்குத் துணிச்சல் வரவில்லை. கண்கட்டி என்று சொல்லித் துணி கட்டி இரண்டு மாதம் ஓட்டினாள். குளம்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினாள். கொல்லாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ராணி எத்னே பிள்ளையைப் பார்க்க வருகிறாள் என்று ஆள் வந்து சொன்னான்.

"பசு முட்டிருச்சுன்னு சொல்லிடுடி. பசுவைத் தூக்குலயா போடப் போறாங்க?" என்றான் புருஷன் கார்வன்.

"ராணி காதுலயே பூ சுத்தச் சொல்றியா? உனக்கென்ன, நீ மாட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவ!"

அவன் சொன்னபடியே மாடு மேய்க்கப் போய்விட்டான், மகராசன்.

ராணி வந்தாள். மகனை மடியில் இழுத்து, கட்டைத் தானே அவிழ்த்தாள்.

"பசு முட்டுச்சும்மா," என்று டாய்ரே முந்திக்கொண்டான்.

"பசு மூக்கை விட்டுட்டு, நெத்தியை விட்டுட்டு, கண்ணை மட்டும் தேடி முட்டுச்சாக்கும்?"

கதவோரம் நின்ற கொல்லா அழ ஆரம்பித்தான். ரோனட் அப்படியே மண்டியிட்டாள். "தாயே, என் மகன் மட்டைதான் பட்டுச்சு. விளையாட்டுல பட்டது. மறைச்சது நான். என்ன செய்யறதா இருந்தாலும் என்னைச் செய்ங்க, அவனை விட்டுடுங்க!"

ராணி மகனின் வலக் கண்ணை மூடி, "நான் தெரியறேனா?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். இடக் கண்ணை மூடினாள். தெரிந்தது. பிறகு அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரோனட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எழுந்திரு ரோனட். உன் மகனை யாரும் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். என் மாமனார் ஆர்ட் சண்டையில வெட்டுப்பட்டுப் போனார். அவர் அப்பா கோன்னையும் கத்தியாலதான் கொன்னாங்க. அந்த நாற்காலில உக்காந்தவங்க ஒருத்தராவது படுக்கையில செத்தாங்களா? இவனை இனிமே யாரும் அதுல உக்கார வைக்க மாட்டாங்க. மாடு மேய்ச்சுக்கிட்டு, கிழவனாகிச் சாகட்டும்."

ரோனட்டுக்கு மூச்சு வந்தது. உபசாரமாக ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "உங்க மூத்த பிள்ளை கார்ப்ரே சுகமா இருக்காரா தாயே?" என்றாள்.

ராணியின் முகம் வெளிறிப்போனது. இரண்டு மாதமாகத் தன்னைத் தின்ற பயத்தை ரோனட் அந்த முகத்தில் பார்த்தாள்.

"இருக்கான். உடம்புல ஒரு கீறல்கூட இல்லடி," என்றாள் எத்னே.