ஆற்று மணலில் டாயெங் லல்லோ

முழங்கை இரண்டையும் ஈர மணலில் ஊன்றிக் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் டாயெங் லல்லோ. மேக்ரோ லென்ஸின் முனைக்கும் பட்டாம்பூச்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மூச்சை விட்டால் அது போய்விடும். விடாமல் இருந்தால் இவர் போய்விடுவார். "அவசரப்படாதீங்கண்ணே, நல்லா உக்காருங்க, எடம் இருக்கு" என்று உதடு மட்டும் அசைகிறது. பிற்பகலில் மாரோஸ் சாலையில் வேன் ஓட்டுகிறவர். பயணிகளிடம் பேசுகிற பேச்சே வாயில் தங்கிவிட்டது.

பண்டிமுருங் அருவிக்குக் கீழே ஆறு வளைகிற இடத்து மணல் அவருடையது. பட்டா கிடையாது, ஆனால் விடிகாலையில் ஒன்றுக்குப் போய் அதற்கு உப்பு ஏற்றுகிறவர் அவர்தான். உப்பு ஊறிய மணல் என்றால் பட்டாம்பூச்சிகளுக்கு உயிர். அதற்காகவே முந்தின ராத்திரி கருவாடும் இரண்டு இளநீரும் உள்ளே தள்ளிவிட்டு வருவார். துணி துவைக்க வரும் பெண்கள், "என்னண்ணே, தண்ணி பாய்ச்சியாச்சா? நாங்க எறங்கலாமா?" என்று சிரிப்பார்கள். மேல் பக்கமாகப் போய்த் துவைக்கச் சொல்வார், கூச்சமே இல்லாமல்.

மனைவி கானாங் அருவி வாசலில் கடை வைத்திருக்கிறார். ஊசி குத்திக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்த பட்டாம்பூச்சிகள், பலகை நிறைய. அதன் கீழ் மூலையில் லல்லோவின் படங்கள் நான்கு. வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம். ஒருவரும் விலை கேட்டதில்லை.

இந்தக் கோடையில் கானாங் அந்த மூலையையும் கேட்டார். பொரித்த வாழைப்பழத்தை மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டே சொன்னார்: "செத்ததுதாங்க றெக்கைய முழுசா விரிச்சுக் காட்டும். உசுரோட இருக்கறது அடிச்சுக்கிட்டேதான் கெடக்கும். உங்க படத்துல இருக்கறது பூச்சியா, பொகையா?"

லல்லோவுக்குச் சுருக்கென்றது, உண்மை என்பதால். அவர் விடாமல் துரத்துகிற, பச்சைப் பட்டை போட்ட பெரிய வால் பட்டாம்பூச்சி உப்பு உறிஞ்சும்போதும் இறக்கையை நிறுத்தாது. முடிவில் ஒப்பந்தம் ஆயிற்று. மழைக்காலம் வருவதற்குள் அதை இறக்கை விரிந்து துலக்கமாக எடுத்து வந்தால் பாதிப் பலகை அவருக்கு. இல்லையென்றால் மூலையும் போயிற்று. அந்த மூலை ஒன்றில்தான் அவர் வேன்காரர் இல்லை. அதை இழக்க அவருக்கு மனசே இல்லை.

வானம் கறுக்கத் தொடங்கிய வாரம், வேன் நிறுத்தத்துக் கூட்டாளி ஒருவர் குறுக்கு வழி சொன்னார். கடையிலிருந்து செத்தது ஒன்றை எடுத்து மணலில் விரித்துவைத்துச் சொடுக்கினால் யாருக்குத் தெரியும்?

"அவ கண்டுபிடிச்சுருவாப்பா. கண்டுபிடிக்கலேன்னாலும் நான் அவ பக்கத்துலதானே படுக்கணும்."

ஆனாலும் அந்த யோசனையில் பாதி அவருக்குப் பிடித்திருந்தது. இனத்தைக் கண்டால் இனம் இறங்கும். கானாங்கிடமே போய்ப் பச்சையில் ஒன்றை இரவல் கேட்டார். என்னவோ கிறுக்கு என்று முனகிக்கொண்டே, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார் அவர். பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்ற கண்டிப்போடு.

மறுநாள் அதை மணலில் வைத்துவிட்டுப் படுத்தார் லல்லோ. வெயில் ஏறியது. எறும்பு சட்டைக்குள் புகுந்தது. மேலே ஒரு பச்சை சுற்றியது, தாழ்ந்தது, எழும்பியது, கடைசியில் செத்ததன் பக்கத்திலேயே இறங்கியது. இரண்டு அடி அடித்துவிட்டு இறக்கையை விரித்தபடி நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஒருமுறை சொடுக்கினார். அதற்குமேல் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, அது பறந்துவிட்டது.

கேமராவின் சின்னத் திரையைக் கானாங் கண்ணருகே பிடித்தார். அடுத்தடுத்து இரண்டு பச்சை. இரண்டும் விரிந்திருந்தன.

"இதுல என்னுது எது?"

"நீயே சொல்லு."

ஒன்றின் வால் நுனியில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. விரலால் தேய்த்தார். போகவில்லை. அழுக்கில்லை அது, பறவை கொத்திய கிழிசல். வால் கிழிந்த பூச்சியைக் கானாங் தன் கடையில் வைத்ததே கிடையாது. அப்படியொன்று வந்தால் பார்த்த கையோடு குப்பையில் போடுகிறவர்.

வெகுநேரம் பார்த்தார். லல்லோ சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டுவதுபோல் நின்றார்.

கானாங் எட்டிப் பலகையின் நட்டநடுவில் இருந்த பெரிய சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்துத் தூசியை முக்காட்டு நுனியால் துடைத்தார்.