கேட்டைத் தாண்டிய கஞ்சி

போன மாதம் சிரம்பானில் ஃபாதருக்கு அஞ்சலிக் கூட்டம். மண்டப வாசலில் காவலுக்கு நின்ற தம்பி என் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே என்னுடைய பழைய எனாமல் தூக்குச்சட்டி, மூடியில் பூச்சு உதிர்ந்து கறுத்துப்போனது. "என்னம்மா இது?" என்றான். அந்தக் கேள்வி என்னைப் பெடாஸ் பக்கத்து எஸ்டேட் கேட்டிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். விடியுமுன் ரப்பர்ப் பாலுக்காகப் பட்டை சீவிப் பால்மரம் வெட்டப் போகும் எங்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் ஜெயில்தான். மத்தியானம் திரும்பும்வரை வெறும் வயிறு. எவனோ சுடுகிறான், எவனோ ஒளிகிறான், பட்டினி மட்டும் எங்களுக்கு. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அப்போது மாசமாக இருந்தேன். முதல் இரண்டும் தங்காமல் போனபின் உண்டான பிள்ளை. இதுவும் போய்விடுமோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டு போவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஃபாதர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இயேசு சபைச் சாமியார், சீமையில் பொருளாதாரம் படித்தவர். ஏழை நாடுகள் எப்படி முன்னேறும் என்று ஆராய்ச்சி பண்ண வந்திருக்கிறாராம். எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். கொசுக்கடிக்கு நடுவே என்ன ஆராய்ச்சி! ஆனால் மனிதர் விடியலிலேயே எங்களோடு புறப்பட்டு மரங்களுக்கிடையே நிரை நிரையாக நடந்தார். மத்தியானம்வரை அவரும் எதையும் வாயில் போடமாட்டார். "பசியோட நிக்கிறவங்கள எதிர்க்க வச்சுக்கிட்டு, வயிறு நிறைஞ்சவன் என்னத்த எழுதுறது?" என்பார்.

ஒருநாள் நான் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தேன். ஃபாதர் நேரே மானேஜர் துரையிடம் போய், பெண்களுக்குக் காலையில் கொஞ்சம் கஞ்சியாவது வேண்டும் என்று கேட்டார். சட்டம் இடம் கொடுக்காது என்று துரை கையை விரித்துவிட்டார்.

வாராவாரம் ஃபாதர் ரப்பர்க் காட்டைத் தாண்டி எஸ்டேட்டின் அடுத்த பிரிவான டிவிஷனுக்குப் பூசை வைக்கப் போவார். பூசைக்கான அப்பம் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் இருக்கும். அதுவரை அவரை யாரும் சோதித்ததில்லை. அந்த வாரம் புதிதாக வந்த மலாய்க் காவலர் பெட்டியைத் திறந்து, சாப்பாடா என்று மலாயில் கேட்டார். கிராணி பதறிப்போனார். "சாமி பொருள்னு சொல்லுங்க ஃபாதர், விட்டுருவான் லா." ஃபாதர் திரும்பி, வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"சாப்பாடுதான்," என்றார் தமிழில். பிறகு மலாயிலும் சொன்னார். பெட்டியைக் காவலர் மேசைமேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு எங்களுடன் நடந்தார்.

அந்த வாரம் பூசை இல்லை. அடுத்த வாரமும் அதே பெட்டி, அதே கேள்வி, அதே பதில். அடுத்த டிவிஷன் கிறிஸ்தவ வேதக்காரர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் பூசையைக் கெடுக்க நீங்கள் யார் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஃபாதர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு ஊர் திரும்பச் சொல்லி அவருடைய சபை மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்ததாகவும் பேச்சு. துரையும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள்தான். பூசை நின்ற சங்கடம் தாங்காமல் ஃபாதருக்கு மட்டும் ஒரு பாஸ் எழுதி நீட்டினார். அதை வாங்காமல் ஃபாதர் சொன்னதைக் கிராணி லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "எனக்கு மட்டும் வேணாம் துரை. அந்தப் பொம்பளைங்க கஞ்சி போற அன்னைக்கு என் அப்பமும் போகும்."

என்ன பிடிவாதம் அது! கடைசியில் போலீஸ் அதிகாரியே வந்து பேசினார். காவலோடு லாரியில் கஞ்சி வரும், பால் நிறுக்கும் கொட்டகையில் காவலர் கண்ணெதிரே குடித்து முடிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. முதல் நாள் இந்தத் தூக்குச்சட்டியில்தான் வாங்கிக் குடித்தேன். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. எல்லோர் முன்னாலும் அழுதேன். ஃபாதர் கடைசி ஆளாக வந்து அண்டாவில் மிஞ்சியதை வழித்துக் குடித்தார். பூசையும் அந்த வாரமே நடந்தது.

பிறகு அவர் எத்தனையோ தேசங்களுக்குப் போனார். பெரிய சபைகளில் அணையும் ஆலையும் பற்றிப் பேசுகிறவர்களிடம், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பாராம். பதில் தெரியாவிட்டால் விடமாட்டாராம். கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அன்று வயிற்றில் புரண்டவன் லுக்குட்டில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். கூட்டத்துக்கு என்னைக் கூட்டிவந்ததும் அவன்தான்.

காவல்காரத் தம்பி இன்னும் காத்திருந்தான். "வெளிச் சாப்பாடு உள்ள விடக் கூடாதும்மா. மருந்துன்னு சொல்லிருங்க, விட்டுடுறேன்," என்றான் நல்ல மனதோடு.

"சாப்பாடுதான் தம்பி. கஞ்சி. இதோடதான் உள்ள போவேன்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் நகரவில்லை.