முனீஸ்வரனுக்கு ஒரு கலவை

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அருகே ஒரு வாடகை அறை. தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய புகையிலையைக் கட்டிலில் பரப்பி, கார இலையோடு மென்மையான இலையைக் கலந்து எனக்குச் சுருட்டு சுற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டுகிறார்.

"பக்கத்து ரூம்ல தியானம் பண்றாங்க. நாத்தம் தாங்கலைனு சொல்றாங்க. ரூமைக் காலி பண்ணுங்க."

பையை எடுக்கிறேன். அவரோ ஒரு சுருட்டை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்.

"கீழ்பென்னாத்தூர்ல எங்க முனீஸ்வரனுக்கு நாளைக்குப் படையல். கடைச் சுருட்டு பாதியிலயே அணைஞ்சிடுது. ரெண்டு சுத்திக் குடுங்களேன். காரம் ஜாஸ்தியா இருக்கட்டும்."

கார இலையை மட்டும் வைத்துச் சுற்றுகிறேன்.

"இது அணையாதுல்லங்க?" என்று கேட்கிறார்.

"பத்த வெச்சாத்தானே தெரியும்" என்கிறேன். அவர் தீப்பெட்டியை நீட்டிவிட்டு, தியானக்காரர்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறார்.