அன்ரனீற்றா அளந்த மரங்கள்

அன்ரனீற்றா அக்கா மன்னாரில் பிறந்தவர். நாற்பது வயது வரைக்கும் ஒரு மலைகூட ஏறியதில்லை. ஒக்லாந்துக்கு வந்ததும் புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பொதி செய்யும் இடத்தில் ஆறு வருடம் வேலை செய்தார். எங்கள் காட்டு ஆய்வுக் குழு மரம் அளக்க ஆள் தேடியபோது விண்ணப்பம் போட்டார். விண்ணப்பித்தவர்களில் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அவர் ஒருவர்தான். மாதிரிக்கு இருபது மரங்களை இரண்டு தரம் அளக்கச் சொன்னோம். இரண்டு தரமும் ஒரே எண்கள் வந்தது அவருக்கு மட்டுமே.

புக்கெகோஹிக்குத் தெற்கே ஒரு பண்ணையின் பின்னால், மலைச்சரிவில், நாற்பது வருடத்து ஓக் தோப்பு ஒன்று இருக்கிறது. மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மெலிந்து நெடுத்துவிட்டன. பாதித் தோப்பில் இடையிடையே மரங்களை வெட்டி ஐதாக்கினோம். மற்றப் பாதியைத் தொடவில்லை. வெளிச்சம் கிடைத்த மரங்கள் எவ்வளவு வேகமாகப் பருக்கின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒவ்வொரு ஜூனிலும், இங்கே குளிர்காலம் தொடங்கும்போது, அக்கா தரையிலிருந்து ஒரு மீட்டர் நாற்பது சென்ரிமீட்டர் உயரத்தில், மேட்டுப் பக்கம் நின்று, மரத்தைச் சுற்றி நாடா பிடிப்பார். அந்த எண்களைக் கணினியில் போட்டு ஆராய்வது என் வேலை.

முதல் இரண்டு வருடமும் ஐதாக்கிய பக்கம் மற்றப் பக்கத்தைவிட இரட்டிப்பாகப் பருத்தது. மூன்றாம் வருடம், பெருமழையில் ஒக்லாந்தே மிதந்த 2023இல், அந்த மரங்கள் கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டன. பதினொரு மரங்கள் மெலிந்தே போயிருந்தன.

மரம் மெலியாது. நான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பதினொண்டு மட்டும்தான் பிழை. அதுகளை எடுத்துப்போட்டு மிச்சத்தைக் கணக்கில சேர்க்கட்டே?"

"வேண்டாம் வித்தியா. பதினொண்டு மெலிஞ்சதெண்டால் மற்றதுகளும் சரியில்லை. அதுகள் கொஞ்சம் பருத்திருக்கிறபடியால் எங்களுக்குத் தெரியேல்ல. நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

அடுத்த வாரமே பண்ணைக்காரரோடு கூட்டம். ஐதாக்கியதில் பயனில்லை என்று தெரிந்தால் ஆய்வை நிறுத்திவிடுவது என்று பண்ணைக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். சனிக்கிழமை தன் வீடு இருந்த ஹென்டர்சனிலிருந்து தன் காரிலேயே போனார் அக்கா. மத்தியானம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: ஓக் மரத்தின் அடியில் தோண்டிய குழி, அதற்குள் ஒரு சாண் ஆழத்தில் வேர் பிரியும் இடம். பின்னாலேயே அழைப்பு.

"மழைக்கு மேலயிருந்து மண் சரிஞ்சு வந்து ஐதாக்கின பாதியில மட்டும் மரங்களின்ர மேட்டுப் பக்கம் குவிஞ்சிருக்கு, பிள்ளை. நாடா பிடிக்கிற இடத்தில போட்ட பழைய பெயின்ற் கோடெல்லாம் மழையில அழிஞ்சு போச்சு. நான் புது மண்ணில உயரம் பாக்கிற தடியை ஊண்டிப் புதுக்கோடு போட்டிட்டன். ஒரு சாண் மேல அளந்திருக்கிறன். மேல போகப் போக மரம் ஒடுங்கும்தானே."

"மண் சரிஞ்சதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அக்கா?"

"மண் சரிஞ்சது மழையால. கோடு போட்டது நான்."

கூட்டத்திலும் அதையேதான் சொன்னார். ஆங்கிலத்தில், எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமல், முதல் வசனத்திலேயே பிழை தன்னுடையது என்றார். மெலிந்த மரங்களை நீக்கட்டுமா என்று கேட்டவள் நான் என்பதை அவர் சொல்லவேயில்லை. பிறகு அக்கா மூன்று வாரம் அவகாசம் கேட்டார். பண்ணைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு, தன் மண்வெட்டி ஒன்றையும் தருவதாகச் சொன்னார்.

ஐதாக்கிய பக்கத்தில் தொண்ணூற்றாறு மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வேரில் காயம் படாமல் தோண்டிப் பழைய தரையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து உயரம் பார்த்து, மறுபடி அளந்தார். நானும் இரண்டு நாள் போனேன். குளிர்கால மழை. பத்தாவது மரத்தில் என் கைகள் விறைத்துவிட்டன. அக்கா தேமோஸ் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். அளந்த எண்களை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

திருத்திய எண்களில் ஒரு மரமும் மெலியவில்லை. ஐதாக்கிய பக்கம் முன்போலவே இரட்டிப்பாகப் பருத்திருந்தது. பண்ணைக்காரர் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மற்றப் பாதியையும் அடுத்த குளிர்காலத்தில் ஐதாக்கலாம் என்றார். எந்த மரம் நிற்பது, எந்த மரம் விழுவது என்று அடையாளம் போடும் வேலையை அக்காவிடமே கொடுத்தார்.

அந்த வேலைக்கு அக்கா நான்கு நாள் எடுத்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். சிலவற்றுக்கு இரண்டு தரம் திரும்பி வந்தார். வெட்டு முடிந்த அன்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். முன்பு இருட்டிக் கிடந்த சரிவில் வெயில் தரை வரைக்கும் விழுந்திருந்தது.

"இனி இதுகள் மூச்சு விடும்" என்று சொல்லிவிட்டு நாடாவை விரித்தார்.