அட்டையில் படம் இல்லாத கட்டைகள்

பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுப்பது, வாயை மூடிக்கொண்டு நிற்கிற தொழில். கடையில் வாங்கும் கட்டைப் பெட்டியின் அட்டையில், கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் போட்டிருக்கும். என் பெட்டியில் படம் கிடையாது. பிளாஸ்டிக் கட்டைகள், முட்டை அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, துணிக்கிளிப், ரப்பர் பேண்ட். எதை வேண்டுமானாலும் செய்யலாம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மீதி தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என்ன செய்யணும்?

மலேசியாவில், புஞ்சாக் ஆலாம் என்ற ஊரில் என் முதல் வகுப்பு. பாயை விரித்து, கட்டைகளைக் கொட்டினேன். ஒரு பிள்ளையும் தொடவில்லை. கைகட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். “உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்” என்றேன். மறுபடியும் பார்த்தார்கள். ஒரு பையன் வெண்பலகையைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்திலிருந்தவன் பொறுமை இழந்து நெளிய, அவன் தோளில் கைவைத்து ஆறுதலாகச் சொன்னான்:

“கொஞ்சம் பொறு லா, டீச்சருக்கே இன்னும் தெரியல.”

வேண்டாத பொருள்

வீட்டில் வேண்டாத பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். எது வேண்டாதது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். ஒருத்தன் டிவி ரிமோட் கொண்டுவந்தான். ஒருத்தி பளபளவென்று ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து, தன் கோபுரத்தின் உச்சியில் கலசம் மாதிரி வைத்தாள். பிரமாதமாக இருந்தது. உடனே படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டேன். அடுத்த நிமிடம் அவள் அம்மா கூப்பிட்டார்.

“கோபுரம் ரொம்ப அழகா இருக்கு டீச்சர். உச்சியில இருக்கற குக்கர் விசில மட்டும் கழட்டிக் குடுத்து விடுங்க, பருப்பு காத்துக்கிட்டு இருக்கு.”

அப்பாவின் பாலம்

சுங்கை ஆயர் தாவாரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டும் ஒருவர் மகளை விட்டுவிட்டுப் போக வந்தார். அவள் குச்சிகளால் கட்டிய பாலம் விழுந்துகொண்டே இருந்தது. “இங்க குடும்மா” என்று குனிந்தவர், சற்று நேரத்தில் பாயில் குப்புறப் படுத்துவிட்டார். பாலம் நின்றது. டோல் சாவடி வந்தது. மகள் சுவரோரம் போய் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

பெற்றோர் கைவைக்கக் கூடாது என்பது வகுப்பு விதி. மீசை வைத்த ஒரு மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு ரப்பர் பேண்ட் சுற்றும்போது அதை எப்படிச் சொல்வது? பிஸ்கட் தீர்ந்ததும் மகளே வந்து சொல்லிவிட்டாள்:

“போதும்பா, எந்திரிங்க. அடுத்த வாரம் உங்க பேரையும் குடுத்துச் சேத்து விடறேன்.”

ஒரு பார்வையாளர்

கோலா சிலாங்கூரில் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு உள்ளே வந்து, சிவப்புக் கட்டை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, வீசிவிட்டுப் போனது. மகனை இந்த வகுப்புக்கு அனுப்புவதா, கணக்கு டியூஷனுக்கு அனுப்புவதா என்று வாசலில் யோசித்துக்கொண்டிருந்த ஒரு தாய் சொன்னார்:

“அதுவே வேணாம்னு போகுது லா.”

கழற்றும் நேரம்

வகுப்பு முடிந்ததும் கட்டியதையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். மதியம் வேறு ஊரில் வேறு பிள்ளைகளுக்கு இதே கட்டைகள்தான். பெரும்பாலும் கட்டுவதைவிட இடிப்பதில்தான் அவர்களுக்குக் குஷி. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் மட்டும் தாரணி மறுத்தாள். எட்டு வயது. ஒரே வரிசையாக வீடுகள் கட்டியிருந்தாள். முன்னால் உறிஞ்சுகுழலில் சாக்கடை. பின்னால் ரப்பர் பேண்டில் துணிக்கொடி, அதில் காகிதத் துணிகள்கூடத் தொங்கின.

“அடுத்த வாரம் இதைவிடப் பெரிதாகக் கட்டலாம்” என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொல்லி ஒரு கூரையில் கைவைத்தேன். என் கையைத் தட்டிவிட்டு, வீடுகள்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதாள். அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வாசலில் நின்ற அவள் அம்மா செல்வி என்னை ஓரமாக அழைத்துப் போனார். “போன ஸ்கூல் லீவுல எங்க தோட்டத்து லயத்து வீடுகள இடிச்சு, எங்கள ஃபிளாட்டுக்கு மாத்திட்டாங்க டீச்சர். சொன்ன நாளுக்கு முந்தியே மிஷின் வந்திருச்சு. கொடியில கெடந்த துணியக்கூட எடுக்க முடியல. இவ நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு அழவே இல்ல.”

 மதியப் பிள்ளைகள் முட்டை அட்டையை வைத்துச் சமாளிக்கட்டும் என்று முடிவு செய்து, ஒரு தட்டைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். “இதில் வைத்து அப்படியே ஃபிளாட்டுக்கு எடுத்துக்கொண்டு போ தாரணி. கழற்ற வேண்டாம்.”

தட்டைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காகிதத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்தாள். அப்புறம்தான் முதல் கூரையைக் கழற்றினாள். நான் உதவிக்குக் குனிந்தேன்.

“நீங்க வேணாம் டீச்சர். நானே கழட்டிக்கிறேன்.”

இத்தனைக்குப் பிறகும், ‘இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?’ என்று யாராவது கேட்டால், நான் அவசரமாகத் துடைப்பத்தைத் தேடப் போய்விடுவதுதான் வழக்கம்.