எச்சில் படாத டிக்கெட்

குழந்தைசாமியின் கையில் இப்போது டிக்கெட் மெஷின் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் சீட்டு தானாக வந்து விழும். ஆனாலும் ஒவ்வொரு பயணியின் முன்னால் போய் நிற்கும்போதும் அவருடைய வலது கை நடுவிரல் உதட்டை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் நின்று, மீசையைத் தடவ வந்த மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டுத் திரும்புகிறது. "இந்த வெரலுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரலைங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைத்தானே கேலி செய்வதில் டெப்போவில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கேலிக்குக் காரணமான கதையையும் யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

இருபத்தாறு வருஷம் கண்டக்டர் வேலை. அதில் பாதியைப் புதுக்கோட்டைக்கும் குடுமியான்மலைக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் கழித்தவர். அப்போது மெஷின் கிடையாது, டிக்கெட் கட்டுகள்தான். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கம்பியைப் பிடிக்காமல், இடுப்பை சீட்டில் சாய்த்து நின்று, விரலை நாக்கில் தொட்டு, கட்டிலிருந்து ஒரே ஒரு டிக்கெட்டைப் பிரித்துக் கிழித்து நீட்டுவார். இரண்டு டிக்கெட் சேர்ந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. தன் திறமையெல்லாம் விரலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாக்கில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "இந்த ரூட்டுல என் எச்சி படாத குடும்பம் கெடையாதுங்க" என்று இப்போது சொல்கிறார்.

கொரோனா வந்து பஸ்கள் நின்ற ஐந்து மாதமும் வீட்டில் கிடந்தார். டிவியில் விடிந்தது முதல் எச்சில் துளியைப் பற்றித்தான் பேச்சு. தும்மினால் எவ்வளவு தூரம் போகும், இருமினால் எவ்வளவு தூரம் போகும் என்று டாக்டர்கள் படம் போட்டு விளக்கினார்கள். குழந்தைசாமி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே, விரலை நாக்கில் தொட்டுப் பேப்பரைப் புரட்டுவார்.

"ஏங்க, அவங்க என்ன சொல்றாங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்பாள் மனைவி கண்ணாத்தாள்.

"அவங்க அடுத்தவன் எச்சியச் சொல்றாங்க. இது என் எச்சிதானே?"

செப்டம்பரில் வண்டி எடுத்தார்கள். டெப்போவில் மாஸ்க், கிளவுஸ், சின்ன டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு எல்லாம் கொடுத்தார்கள். கிளவுஸ் முதல் நாளே வேர்வையில் ஊறிப் போனதால் பைக்குள் போயிற்று. ஸ்பாஞ்சு இரண்டாவது ட்ரிப்பில் காய்ந்தது. அதற்குத் தண்ணீர் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. விரல் பழைய ஞாபகத்தில் வாய்க்குப் போய் மாஸ்க்கில் முட்டிக்கொண்டு திரும்பியது. மத்தியானத்துக்குள் மாஸ்க்கின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. பயணிகள் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் குழந்தைசாமி மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவது, விரலை நாக்கில் தொடுவது, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பது, பிறகு பொறுப்பாக மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொள்வது. மாஸ்க் போடாத பயணிகளை மட்டும் அவர் மன்னிப்பதே இல்லை. வண்டியை நிறுத்தி வைத்துத் திட்டுவார்.

குடுமியான்மலையிலிருந்து காலை முதல் வண்டி கிளம்பினால் மூன்றாவது ஸ்டாப் ஒரு விலக்கு ரோடு. அங்கே தினமும் உண்ணாமலை என்று ஒருத்தி ஏறுவாள். நாற்பது வயதிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, யாரோடும் பேசாமல் வருவாள். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அப்புறம் யாரோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள், அவள் பெரியாஸ்பத்திரியில் கொரோனா வார்டைத் துடைத்துக் கூட்டுகிறவள் என்று.

வண்டியே எழுந்து நின்றது. உரக்கடை ஆத்மநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கண்டக்டர், ஒண்ணு அந்தம்மா எறங்கணும், இல்லாட்டி நாங்க எறங்கணும்."

குழந்தைசாமி ஊருக்காகப் பேசுகிறவர் மாதிரிதான் நடந்து போனார். உண்மையில் அந்த வண்டியிலேயே அதிகமாகப் பயந்தவர் அவர்தான். "இந்தா, அங்கிட்டுப் போயி கடைசி சீட்டுல உக்காரு" என்றார். அவள் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். அவர் மாஸ்க்கை இறக்கி, விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட்டைக் கிழித்து, அவளுக்கு எட்டாத தூரத்தில் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

உண்ணாமலை அதைத் தொடவில்லை. "எச்சி தொடாமக் கிழிச்சு இன்னொண்ணு குடுங்க, எடுத்துக்கிறேன்" என்றாள்.

"என்னது?"

"மாஸ்க்க எறக்கி, வெரல நக்கி, அந்த வெரலாலயே டிக்கெட்டு குடுக்குறீங்க. இதே வேலைய வார்டுக்குள்ள செஞ்சா நர்ஸம்மா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க. நான் ஒங்களுக்குப் பயப்படணுமா, நீங்க எனக்குப் பயப்படணுமா?"

பயந்துகொண்டிருந்த வண்டி கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் கீரை விற்கிற பொன்னுத்தாய். இரண்டு கையிலும் கீரைக்கட்டு இருப்பதால் டிக்கெட்டை எப்போதும் உதட்டில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் டிக்கெட் மடியில் விழுந்தது. எடுத்து மறுபடி கவ்விக்கொண்டாள்.

குழந்தைசாமிக்கு மானம் போயிற்று. மறுநாள் காலை விலக்கில் உண்ணாமலை சாப்பாட்டுப் பையோடு நின்றாள். வண்டியில் இடம் இருந்தது. அவர் போகச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தார்.

"ஆளு நிக்குதேண்ணே?" என்றார் டிரைவர் நாகராசு.

"சீட்டு ஃபுல்லுப்பா. நீ போ."

அடுத்த நாளும் இரண்டு விசில். அதற்கடுத்த நாளும். மூன்று நாளும் கொரோனாவை விலக்கிலேயே நிறுத்திவிட்டு வந்த பெருமையோடு, பயணிகளைக் காப்பாற்றிய நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நாக்கில் தொட்டு நாக்கில் தொட்டு டிக்கெட் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி கண்ணாத்தாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தெருவே மணக்கிற குழம்பு. குழந்தைசாமி பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டு, "என்ன இது, வெந்நிய ஊத்துன மாதிரி இருக்கு?" என்றார். கண்ணாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, "அங்கனயே இருங்க, எந்திரிக்காதீங்க" என்றாள். விடிவதற்குள் காய்ச்சல். மறுநாள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் உறுதியாகி, பெரியாஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்தது அதுதான் என்பார்.

அன்று மத்தியானம் போன் வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஷர்லி என்ற பெண். நோய் வந்தவர் யார் யாரோடு பழகினார் என்று விசாரித்து எழுதுவது அவள் வேலை.

"சார், கடைசி நாலஞ்சு நாளு பஸ்ல மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

"இழுத்து மூடித்தாம்மா இருந்தேன்."

"டிக்கெட் குடுக்கும்போது?"

"கிளவுஸு, ஸ்பாஞ்சு. எல்லாம் ரூல்படிதாம்மா."

"அப்ப பயணிகளுக்கு ஆபத்து கம்மின்னு போட்டுக்கிறேன் சார். டிரைவரையும் வீட்டம்மாவையும் மட்டும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்றோம்."

"போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அத்தனை வருஷ வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. எச்சில் விஷயம் வெளியே வந்தால் மெமோ ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே என்பது இன்னொரு பக்கம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் பொய் மட்டும் திக்காமல் வந்ததை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"காலத் தூக்கிக்கங்க" என்று கட்டிலுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பால் மூடிய ஒரு உருவம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. உடுப்பின் முதுகில் பேனாவால் பெரிதாகப் பெயர் எழுதியிருந்தார்கள். உண்ணாமலை. குழந்தைசாமி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"மூடாதீங்க, மூச்சு முட்டப் போவுது" என்றாள் அவள். துடைப்பதை நிறுத்தவில்லை. "ஸ்பாஞ்சா? நல்லாச் சொன்னீங்க கண்டக்டரே."

அவர் போர்வையை மூக்குவரை இறக்கினார்.

"மூணு நாளு என்னய ஏத்தாமப் போனீங்க. எட்டு மணி வண்டியப் புடிச்சு வந்து மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்குனேன். வயிறெரிஞ்சு ஒங்கள வைஞ்சேன். இன்னைக்கு ஒங்கள இந்தக் கட்டில்ல பாத்த பெறகுதான் தெரியுது, அந்த மூணு நாளும் அந்த வண்டில ஏறாதவ நான் ஒருத்திதான். நான் தப்பிச்சேன். ஏறுனவங்க என்ன ஆனாங்களோ."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். யாரிடமும் போட்டுக் கொடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

குழந்தைசாமி கண்ணை மூடினார். கண்ணுக்குள் பொன்னுத்தாய் வந்தாள். இரண்டு கையிலும் கீரைக்கட்டு, உதட்டில் டிக்கெட். அந்த மூன்று நாளும் அவள் அப்படித்தான் வந்தாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். "சிறுகீரை வச்சிருக்கேண்ணே, அண்ணிக்குக் கொண்டுபோங்க" என்று வாரம் ஒரு கட்டு சும்மா கொடுக்கிறவள். ஆபத்து கம்மி என்று எழுதிய பிறகு அவளைத் தேடி யார் போகப்போகிறார்கள்? அவருக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறாய், நீதானேடா நக்கினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, போனை எடுத்தார்.

"ஷர்லியாம்மா? அப்பச் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்பாஞ்செல்லாம் இல்லம்மா. நாக்குல தொட்டுத்தான் கிழிச்சேன்."

"எத்தன டிக்கெட்டுல சார்?"

"எல்லாத்துலயும்மா."

திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அவள் திட்டவில்லை. "சார், வாயில டிக்கெட்ட வைக்கிற ஆளு யாராச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தாம்மா போன் போட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆள் போனது. பொன்னுத்தாய் வீட்டில் கீரைக்கட்டுக்கு வாழைநார் கட்டிக்கொண்டிருந்தாளாம். அசதியாக இருக்கிறது, வெயில் சூடு என்று சொன்னாளாம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, நடக்கவே விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தார்கள். குடுமியான்மலை டவுன் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும், நடத்துனர் எச்சில் தொட்டு டிக்கெட் வழங்கியிருக்கிறார் என்று. ஆத்மநாதனோடு சேர்த்து ஒன்பது பேருக்கு இருந்தது. பஸ்ஸுக்கு எச்சி வண்டி என்று பெயர் விழுந்தது. மெமோவும் வந்தது. அதை இன்னமும் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.

மற்ற எட்டுப் பேரும் தேறிவிட்டார்கள். பொன்னுத்தாய்தான் பெண்கள் வார்டில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். உண்ணாமலை துடைக்க வரும்போதெல்லாம் குழந்தைசாமி எழுந்து உட்கார்ந்து, "பொன்னுத்தாய் எப்புடி இருக்கு?" என்று கேட்பார். "அப்படியேதான்" என்பாள். அப்படியேதான் என்ற பதிலே ஐந்து நாள் வந்தது. ஐந்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் அவர் கேட்பதற்கு முன்பே, "குழாய எடுத்துட்டாங்க. கஞ்சில உப்பில்லைன்னு சண்ட போட்டுக்கிட்டிருக்கு" என்றாள். குழந்தைசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். டப்பாவில் ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர், தண்ணீருக்குத் தனியாக ஒரு பாட்டில். முதல் சீட்டில் டிக்கெட்டை நீட்டினார். "சீட்டுல வைங்க, எடுத்துக்கிறோம்" என்றார்கள். அடுத்த சீட்டிலும் அதேதான். ஆத்மநாதன் ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டார். பொன்னுத்தாய்கூட, "கீரைக்கட்டு மேல வச்சுட்டுப் போங்கண்ணே" என்றாள். கோபப்படலாம் என்று பார்த்தார். கோபம் வரவில்லை. இந்தப் பழக்கத்தை இந்த வண்டியில் ஆரம்பித்து வைத்தவரே அவர்தானே.

விலக்கு ரோட்டில் உண்ணாமலை நின்றிருந்தாள். பஸ்ஸைப் பார்த்ததும் வண்டி போக வழிவிடுகிற மாதிரி இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். குழந்தைசாமி படியில் இறங்கி நின்று, வண்டியின் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினார். நாகராசு நிறுத்தினார்.

"ஏறுங்கம்மா" என்றார் குழந்தைசாமி.

அவள் ஏறினாள். முன்பு அவர் சொன்ன கடைசி சீட்டுக்கே நேராகப் போனாள். "இங்கிட்டு முன்னாடி உக்காருங்க" என்றார். வந்து உட்கார்ந்தாள். அவருடைய நடுவிரல் அந்த நேரம் பார்த்து மேலே கிளம்பி, மாஸ்க்கில் முட்டியது.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் உண்ணாமலை.

விரலை இறக்கினார். ஸ்பாஞ்சில் தொட்டார். இரண்டு டிக்கெட் சேர்ந்து வந்தது. பிரித்து ஒன்றைக் கிழித்து, வைப்பதா நீட்டுவதா என்று தெரியாமல் சீட்டின் மேல் வைக்கக் குனிந்தார்.

அவள் கையை நீட்டினாள். அன்று காலையில் அவர் கையிலிருந்து டிக்கெட் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

"வண்டி நிக்குது பாருங்க" என்றாள். விசிலுக்காக மாஸ்க்கை இறக்கப் போனவர், அவள் முறைப்பதைப் பார்த்து, தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.