பதில் சொல்லாத சிப்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய மகனுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தோம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்றவள் ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தங்கச்சிமடத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளுடைய மாமியார் பாம்பனிலிருந்து வந்து அழைத்துப்போவதாக முடிவாகியிருந்தது. தாயை மட்டுமா, தாயையும் பிள்ளையையுமா என்பதுதான் முடிவாகவில்லை.

அம்மா தன் பங்குக்கு முடிவு செய்துவிட்டாள். "அவ போகட்டும். புள்ள இங்கன இருக்கட்டும். ரெண்டு வயசாகி, ஓடிப்போயித் தாயோட சேலையப் புடிச்சு இழுக்கத் தெரிஞ்சதும் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தங்கையின் கணவர் விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போகிற நாளில் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரையில் கால் வைப்பார். மாமியார் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் போனால் மதியம்தான் வீடு. இடைப்பட்ட நேரத்தில் அந்த வீட்டில் குழந்தை அழுதால் கேட்க ஆளில்லை. "கத்திக் கத்தி நீலம் பாரிச்சாக்கூட இவளுக்குத் தெரியாதேத்தா" என்று அம்மா என்னிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. மாமியாரும் போனில் சரி சொல்லிவிட்டார்.

தங்கையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்மா கையை ஆட்டி விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து, போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பிள்ளை இல்லாமல் போக மாட்டேன். இங்கேயும் இருக்க மாட்டேன். என் வீட்டில் என் பிள்ளையோடு இருக்க வேண்டும். அக்கா ஏதாவது செய்."

செய்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். அக்கா செய்வாள் என்று நினைத்தது அவளுடைய பெரிய மனசு. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வீட்டின் முன் அறையில் மேசை போட்டு மிக்ஸி, இன்வெர்ட்டர், படகுக்காரர்களின் ஜிபிஎஸ் என்று வருவதையெல்லாம் பழுது பார்க்கிறேன். அதற்கு முந்தின மாதமே அவளுக்காக ஒரு பொருள் செய்து வைத்திருந்தேன். தொட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சத்தத்தைப் பிடிக்கும் மைக்கும், அந்தச் சத்தம் என்ன என்று முடிவுசெய்யும் ஒரு சிப்பும். சத்தம் கேட்டால், பழைய ரிமோட் காலிங்பெல்லிலிருந்து கழற்றிய உறுப்பு வழியாகத் தங்கையின் மணிக்கட்டுப் பட்டைக்குச் செய்தி போகும். பட்டையில் இருக்கும் செல்போன் மோட்டார் உடனே அதிரும்.

நன்றாகத்தான் அதிர்ந்தது. என்ன, எல்லாவற்றுக்கும் அதிர்ந்தது. ஆனி மாதக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் படபடத்தால் அதிரும். மாதா கோயில் மைக்குக்கு அதிரும். காக்காய்க்கு அதிரும். தங்கை இரண்டு நாள் முழுக்கத் தொட்டிலுக்கும் கொல்லைக்குமாக ஓடினாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் பட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பொய் சொல்கிறவனிடம் பேச்சை நிறுத்துவதுபோல இருந்தது அது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

சிப்புக்குள் இருக்கும் புரோகிராமை மாற்றி எழுதினால் போதும். குழந்தை அழுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு இழுப்பு, மூச்சு வாங்க ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. காற்றுக்கும் காக்காய்க்கும் அந்த ஒழுங்கு கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள நான் பிள்ளை அழுகிறபோதெல்லாம் போனில் பதிவு செய்தேன். "புள்ள அழுகுது, தூக்காம போனக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பெரியம்மாவா" என்று அம்மாவிடம் வசவு வாங்கிக்கொண்டே புது புரோகிராமை எழுதி முடித்தேன். அதைக் கணினியிலிருந்து சிப்புக்குள் ஏற்றுவதற்கு யுஎஸ்பி புரோகிராமர் என்ற தீப்பெட்டி அளவு அட்டை வேண்டும். ஒரு முனை மடிக்கணினியில் செருகும். மறுமுனையில் இருக்கும் பத்துக் கம்பி ஊசிகளில் ஆறிலிருந்து ஒயர்கள் சிப்புக்குப் போகும். என்னிடம் இருந்த பழைய புரோகிராமரின் ஊசிகள் உப்புக்காற்றில் அரித்து, தொட்டதும் ஒடிந்துபோயின.

இருப்பதிலேயே மலிவானதாக ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். புதன்கிழமை வந்தது. மாட்டினேன். மடிக்கணினி புரோகிராமரை உடனே அடையாளம் கண்டுகொண்டது. புரோகிராமருக்குத்தான் சிப்பைத் தெரியவில்லை. 'சிப் பதில் சொல்லவில்லை, இணைப்பைச் சரிபார்க்கவும்' என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி திரையில் வந்து நின்றது.

இணைப்பைச் சரிபார்த்தேன். ஆறு ஒயர்களையும் கழற்றி, படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினேன். சிவப்பு வரி. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். சிவப்பு வரி. வேறு சிப்பை வைத்தேன். சிப்புக்கு வேகம் ஒத்துவரவில்லையோ என்று புரோகிராமரின் வேகத்தைக் குறைத்தேன். மீட்டரை எடுத்து அளந்தேன். சிப்புக்கு அதன் சொந்தச் சார்ஜரிலிருந்து ஐந்து வோல்ட் சரியாக வந்தது. புரோகிராமரின் ஊசியில் மீட்டர் முனையை அழுத்தினேன், அங்கேயும் ஐந்து வோல்ட். ஒயர்களைத் தனியாகச் சோதித்தேன், ஒன்றில்கூட அறுப்பு இல்லை. தனித்தனியாக எல்லாமே யோக்கியர்கள். சேர்த்து வைத்தால் பேச மாட்டேன் என்கிறார்கள். எங்கள் வீடு மாதிரியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை கம்மி. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்காரனுடைய பக்கத்தில் போய் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'போலிச் சரக்கு, யாரும் வாங்கி ஏமாற வேண்டாம்' என்று எழுதிவிட்டு வந்தேன். மனசு கொஞ்சம் ஆறியது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அதே சிவப்பு வரி. ராமநாதபுரத்தில் கேட்டுப் பார்த்தேன். இந்தச் சாமானைச் சென்னையிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு, திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறவளுக்குத் திங்கட்கிழமை வந்து என்ன பிரயோசனம்? அன்று மதியம் அம்மா பிள்ளையின் துணிகளைத் தனியாக மடித்து எங்கள் வீட்டு அலமாரியிலேயே அடுக்கினாள். தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்கமாட்டாமல் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். இந்த ஒரு அட்டையை நம்பித்தானா அவளுக்கு வாக்குக் கொடுத்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். தங்கை தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவள், எதையோ தேடிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். மேசையில் இருந்த நிறமில்லாத நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டுதான் மிச்சம். அவளுடைய புட்டிதான் அது. என்னை முறைத்தாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நான் கையை ஆட்டினேன்.

அவள் போகவில்லை. புரோகிராமரைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பத்து ஊசிகளும் பளபளவென்று மின்னின. கட்டைவிரல் நகத்தால் ஓர் ஊசியைச் சுரண்டினாள். வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தோல் உரிந்து அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தோலைக் காட்டினாள், புட்டியைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு தன் விரல் நகங்களை நீட்டிக் காட்டி, ஊசியைக் காட்டி, இதற்குமா நகம் இருக்கிறது என்று கையை விரித்தாள்.

வேலை நேரத்தில் விளையாடுகிறாளே என்று சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கரையில் புதுச்சாமான் எது வந்தாலும் முதல் வேலை, அதற்கு எதையாவது பூசுவதுதான். சைக்கிள் வந்தால் தேங்காய் எண்ணெய், கேட் கீலுக்குக் கிரீஸ், கத்தரிக்கோலுக்கு வாஸலின். பூசாத சாமானை ஆறே மாதத்தில் உப்புக்காற்று தின்றுவிடும். எலக்ட்ரானிக்ஸ் அட்டைக்கு நான் நெயில் பாலிஷ் பூசுவேன். பழைய புரோகிராமரை அரிப்புக்குப் பறிகொடுத்த ஆத்திரத்தில், புதன்கிழமை பார்சலைப் பிரித்த கையோடு, இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு கோட்டிங் அடித்திருந்தேன். அட்டையில் மட்டும் அடித்திருக்க வேண்டும். ஊசிகளையும் விட்டுவைக்கவில்லை. பூசியதே நினைவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டியதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

நெயில் பாலிஷ் வழியாக மின்சாரம் போகாது. மீட்டரின் கூர்முனை அந்தப் பூச்சைக் குத்திக்கொண்டு உள்ளே போனதால் ஐந்து வோல்ட் காட்டியது. மொண்ணையான ஒயர் முனை பூச்சின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாகச் சிப் பதில் சொல்லாததற்குக் காரணம், அதை யாரும் கூப்பிடவே இல்லை என்பதுதான். கடைக்காரனைத் திட்டியிருக்கிறேன், சிப்பைத் திட்டியிருக்கிறேன். நடுவில் கதவைச் சாத்தித் தாழ் போட்டவள் நான்.

நான் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்ததும் தங்கை பயந்துவிட்டாள். விஷயத்தைச் சைகையில் சொன்னேன். முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, ஓடிப்போய் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுவந்தாள். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு இருவரும் பத்து ஊசிகளையும் தேய்த்தோம். காயவிட்டு, ஒயர்களை மாட்டி, பட்டனை அழுத்தினேன். சிவப்பு வரி வரவில்லை. சிப்பின் பெயர் வந்தது. கீழே பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்து, நூறு சதவீதத்தில் போய் நின்றது. தங்கை திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிவிட்டதா என்று விரலால் கேட்டாள். பேசிவிட்டது என்றேன்.

அன்று பகல் முழுக்கச் சோதித்தோம். தகரத்தைத் தட்டினேன், கதவை அறைந்தேன், மிக்ஸியை ஓட்டினேன். பட்டை அசையவில்லை. பிள்ளை பசித்து அழுதபோது மூன்றாவது இழுப்பில் அதிர்ந்தது. கடைக்காரனுக்கு ஐந்து நட்சத்திரமாக மாற்றி, 'நல்ல சரக்கு, தவறு என்னுடையது, கடற்கரை ஊர்க்காரர்கள் ஊசியில் எதையும் பூசாதீர்கள்' என்று எழுதினேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டப்பாவ நம்பிப் புள்ளைய அனுப்பச் சொல்றியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். மதியம் சாப்பாட்டுக்கு அம்மாவும் அவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். தங்கை கொல்லையில் மீன் கழுவிய சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அடுத்த அறையில் சேலைத் தொட்டிலில் தூங்கினான். கச்சான் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. நாங்கள் மூவருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பிள்ளையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

திடீரென்று அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். காற்றுக்கு நடுவே எனக்கு அப்புறம்தான் கேட்டது, பிள்ளை அழுகிறான். அம்மா எச்சில் கையோடு எழுந்து தொட்டில் இருந்த அறைக்கு ஓடினாள். வாசற்படியில் போய் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். தங்கை கொல்லைக் கதவு வழியாக எங்களுக்கு முன்னாலேயே உள்ளே வந்திருந்தாள். பிள்ளை அவள் தோளில் இருந்தான். பட்டை கட்டிய ஈரக் கை அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் எந்திரிக்கிறதுக்குள்ள வந்துட்டா மதினி" என்று அம்மா சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள். அது சந்தோஷமா வருத்தமா என்று அம்மாவுக்கே தெரிந்திருக்காது. இருபத்தைந்து வருஷமாகத் தங்கைக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்த காது அவளுடையது.

மாமியார் இலையில் இருந்தபடியே, "ரெண்டு பேரையும் கூட்டிட்டே போறேன்" என்றார்.

அம்மா இன்னும் வாசற்படியில்தான் நின்றாள். தங்கை பிள்ளையைத் தோளில் போட்டபடி அவளிடம் வந்தாள். சோறு ஒட்டியிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ச் சாப்பிடு என்று சைகை செய்தாள். அம்மா திரும்பி வந்து இலையின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணீர் வடிய வடிய, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து, அவன் அழுது பாதியில் எழுந்தவள் திரும்பி வந்து சாப்பிட்டு முடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.